போதகர் எத்தனை கிலோ?

"நூத்தி நாப்பத்திரண்டு!"

பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கிய இயோபு, ஊருக்கே கேட்கும்படி கத்தினான். வைலோலோ தேவாலயத்தின் முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னடா நூத்தி நாப்பத்திரண்டு? மீனா?" என்று கேட்டான் வில்லியாமு.

"மீன் இல்லண்ணே, போதகர்! பக்கத்து ஊர் ஃபாலேபுனாவோட போதகர். தராசுல ஏறி நின்னாரு பாருங்க, பலகையில நம்பர் ஓடுது, ஓடுது, நிக்கவே மாட்டேங்குது. கடைசியில நூத்தி நாப்பத்திரண்டு கிலோ! அவங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கை தட்டிப் பாட ஆரம்பிச்சுட்டாங்க."

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அதில் பொறாமை நிறையவே கலந்திருந்தது.

சவாயித் தீவிலிருந்து பறக்கும் குட்டி விமானங்களுக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. தலைக்கு இவ்வளவு என்று இனி டிக்கெட் கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு. தராசில் ஏறி நிற்க வேண்டும். காட்டுகிற எடைக்குக் காசு கட்ட வேண்டும். எடை, தலைக்கு மேலே ஒரு பலகையில் சிவப்பாக எரியும். அது போதாதென்று கவுன்டரில் இருக்கும் மெலே என்ற பெண் அதைச் சத்தம் போட்டு வேறு படிப்பாள். படிக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. பாடகர் குழுவில் இருப்பவள், அடக்கிப் பேச வராது.

எல்லார் முன்னாலும் எடை போட்டால் ஜனங்கள் வெட்கப்படுவார்களோ என்று கம்பெனிக்காரர்கள் முதலில் பயந்தார்களாம். இந்தத் தீவைத் தெரியாதவர்கள். இங்கே போதகர் எவ்வளவு பருமனோ, அவ்வளவு பெருமை ஊருக்கு.

"ஆனாலும் இது அநியாயம்டா," என்றான் வில்லியாமு. அவன் சாதாரண ஆள் இல்லை. அவன் உட்கார்ந்தால் பெஞ்சின் மறுமுனையில் இருப்பவர் எழுந்துகொள்வார். "கடவுள் கொடுத்த உடம்பு. இதுக்குப் போய் கிலோ கணக்குல காசு வாங்கறான்."

"இதுல என்ன அநியாயம்?" என்றான் இயோபு. அவன் மூங்கில் மாதிரி இருப்பான். "இத்தனை வருஷமா உங்க தொப்பையையும் சேத்து நான்தான் சுமந்திருக்கேன். உங்களுக்கும் எனக்கும் ஒரே டிக்கெட். ஆனா உங்க சீட்டு முழுசும், என் சீட்டுல பாதியும் நீங்க. இப்பத்தான் நியாயம் கிடைச்சிருக்கு."

"நல்லவேளை, உன் வாயைத் தனியா நிறுக்கலை. நிறுத்தா நீ வீட்டை வித்துத்தான் பறக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். இயோபுவும் சிரித்தான். சிரித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டான்:

"சரிண்ணே, அடுத்த மாசம் பாங்கோ பாங்கோ ஊர்ல நடக்கற சபை மாநாட்டுக்கு நம்ம போதகர் போறாரே. அவரு எத்தனை கிலோ இருப்பாரு?"

சிரிப்பு நின்றது. எல்லார் மனசிலும் போதகர் எலிசயா வந்து நின்றார். நல்ல மனுஷர், நல்ல குரல், நல்ல பிரசங்கம். ஆனால் சட்டையின் தோள் முழங்கையில் தொங்கும்.

"ஊரே கொட்டிக் கொட்டிக் கொடுக்கிறோம்," என்றார் பெரியவர் துயாலா. ஊர்த் தலைவர்களில் மூத்தவர் அவர்தான். "ஞாயித்துக்கிழமைன்னா எந்த வீட்டு உமு அடுப்புலயும் முதல் பங்கு போதகருக்குத்தான். அப்புறம் ஏன் அந்த மனுஷன் இப்படி இருக்காரு?"

"அதான் எனக்கும் புரியலை," என்றான் இயோபு. "எல்லா வீட்டுலயிருந்தும் சாப்பாடு கிளம்புது. வில்லியாமு அண்ணன் தள்ளுவண்டியில ஏறுது. போதகர் வீட்டுக்குப் போகுது." வில்லியாமுவைத் திரும்பிப் பார்த்தான். "போகுதில்ல அண்ணே?"

எல்லாருடைய பார்வையும் வில்லியாமுவின் முகத்தில் தொடங்கி, மெதுவாகக் கீழே இறங்கி, அவன் வயிற்றில் வந்து நின்றது.

வில்லியாமு வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தான். அது எந்தக் காலத்திலும் அவன் சொன்னதைக் கேட்டதில்லை.

*

விஷயம் வெறும் கேலி அல்ல. வில்லியாமுவின் குடும்பத்தில் தலைவர் பட்டம் ஒன்று காலியாக இருந்தது. போட்டியில் இரண்டு பேர்: வில்லியாமு, அவனுடைய சித்தப்பா மகன் இயோபு. தேவாலயத்தின் உதவிக்காரனாக இத்தனை வருஷம் உழைத்த வில்லியாமுவுக்கே பட்டம் என்று துயாலா ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். மாநாடு முடிந்து வந்ததும் விழா. பன்றிகளைக்கூடப் பார்த்து வைத்தாயிற்று.

ஆனால் போதகரின் சாப்பாட்டைத் தின்றவன் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் பட்டம் என்ன, தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைக்கூடக் கையில் தரமாட்டார்கள்.

"போதகரையும் என்னையும் ஒரே நாள்ல, ஒரே தராசுல, ஊர் முன்னாடி நிறுத்தப் போறாங்க லாங்கி!" என்று மனைவியிடம் புலம்பினான். மாநாட்டுக்குப் போதகரோடு துணைக்குப் போகிறவன் அவன்தான்.

லாங்கி பாய் முடைந்துகொண்டிருந்தாள். சுருட்டி வைத்த பாய்க்கும் அவளுக்கும் பருமனில் பெரிய வித்தியாசம் கிடையாது.

"நிறுத்தினா நிறுத்தட்டுமே. நீங்க என்ன திருடினீங்களா?"

"ஒரு வாய் தொட்டிருப்பேனா? வண்டியில வாசனை மூக்கைத் துளைக்கும். அந்தப் பக்கம் திரும்பாம, சங்கீதம் சொல்லிக்கிட்டே தள்ளிட்டுப் போவேன். உனக்குத் தெரியாதா?"

லாங்கி பாயில் ஒரு ஓலையைத் தப்பாகக் கோத்து, பிரித்து, மறுபடி கோத்தாள்.

"வழி ஒண்ணுதான்," என்றான் வில்லியாமு. "போதகரை ஏத்தணும்."

"எதுல?"

"எடையில!"

அடுத்த ஞாயிறே வீடு வீடாகப் போய்ப் பேசினான். ஃபாலேபுனாவின் நூற்று நாற்பத்திரண்டைச் சொன்னதும் ஊருக்கே ரோஷம் வந்துவிட்டது. ஒரு கூடை கொடுத்த வீட்டில் இரண்டு கூடை. தாரோக் கிழங்கு, முழுப் பன்றித் தொடை, தேங்காய்ப்பால் வழியும் பலுசாமிக் கீரைப் பொட்டலம், டின் இறைச்சி போட்ட நூடுல்ஸ். வண்டிச் சக்கரம் மண்ணில் புதைந்தது. வில்லியாமு முக்கி முக்கித் தள்ளிக்கொண்டு போனான்.

வாசலில் வந்து பார்த்த போதகர் திகைத்துவிட்டார்.

"என்னப்பா வில்லியாமு, கல்யாணமா?"

"உங்களுக்குத்தான் ஐயா. மிச்சம் வைக்கக் கூடாது. ஜனங்க மனசு நோகும்."

போதகர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். போதகரம்மா சிரித்தபடி கூடைகளை வாங்கி உள்ளே வைத்தார்.

"ஜனங்க மனசு நோக விடமாட்டோம் வில்லியாமு. நீ கவலைப்படாதே," என்றார்.

இரண்டு ஞாயிறு இப்படிப் போயிற்று. மூன்றாவது வாரம் போதகர் பிரசங்க மேடையில் கையை உயர்த்தியபோது கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது.

அதே வாரம் வில்லியாமு இடுப்பில் லாவாலாவா கட்டும்போது அதன் இரண்டு முனைகளும் சந்திக்க மறுத்தன.

சந்தேகத்தோடு கடைப் பக்கம் போனான். பின்கொட்டகையில் கொப்பரை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து மூட்டைகளுக்கு நடுவில் ஏறி நின்றான். நூற்று முப்பத்திரண்டு. வருஷ ஆரம்பத்தில் அவன் இதே தராசில் நூற்று இருபத்தாறு இருந்தான்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மூட்டை நல்லா காஞ்சிருக்கா?"

"நாந்தாங்க."

"அப்போ இன்னும் காயணும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

*

போதகர் ஏன் இளைக்கிறார் என்று கண்டுபிடிக்க, அவரைப் பின்தொடர்வது என்று தீர்மானித்தான் வில்லியாமு. காலையில் பார்த்தால் மனுஷர் கடற்கரை ஓரமாக விறுவிறுவென்று நடந்து போகிறார். தின்றதெல்லாம் மணலில் கரைகிறது!

மச்சான் ஒருவனின் பிக்கப் வண்டியை இரவல் வாங்கி, மறுநாள் காலையில் அவர் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனான்.

"ஐயா, ஏறிக்குங்க. ஏன் கால் வலிக்க நடக்கறீங்க?"

"வேண்டாம்ப்பா. நடந்துக்கிட்டே ஜெபிக்கிறேன்."

"வண்டியிலயும் ஜெபிக்கலாமே ஐயா. நான் ரேடியோவை அணைச்சுடறேன்."

"நீ போப்பா."

"நான் சும்மா பின்னாடி வர்றேன். எப்ப களைச்சாலும் ஏறிக்கலாம்."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார் போதகர். மூன்றாம் நாள், வண்டியின் சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பித்தார். நான்காம் நாள் வில்லியாமு இரண்டாவது கியருக்கு மாற வேண்டியிருந்தது.

"போதகரை வண்டியால துரத்தறான்," என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான் இயோபு. "இளைக்க வைக்கிறான். எல்லாம் திட்டம் போட்டுத்தான்."

வில்லியாமு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு முடிவுக்கு வந்தான். போதகரை ஏற்ற முடியவில்லை என்றால், தன்னை இறக்க வேண்டியதுதான்.

"இன்னையிலேர்ந்து நான் சாப்பிடப் போறதில்லை," என்று அறிவித்தான்.

லாங்கி பதறிப்போனாள். "ஞாயித்துக்கிழமை ராத்திரிகூடவா?"

"எந்த ராத்திரியும் கிடையாது."

"ஐயோ, அத்தனையையும் கொட்டவா முடியும்?"

"கோழிக்குப் போடு!"

ஆனால் வைலோலோவில் பட்டினி கிடப்பது சுலபமான காரியமல்ல. அங்கே வீடுகளுக்குச் சுவர் இல்லை. தூண்களும் கூரையும்தான். ஒருவன் என்ன சாப்பிடுகிறான் என்பது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். சாப்பிடாமல் இருந்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும். வில்லியாமு முதல் நாள் ராத்திரி வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்ததை நான்கு வீட்டார் பார்த்தார்கள். மறுநாள் காலையில் ஊரே பார்க்க வந்துவிட்டது.

நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை.

"என்ன ஆச்சுப்பா உனக்கு? ஒரு ஆள் சாப்பிடலைன்னா பரவாயில்ல, நீ சாப்பிடலைன்னா நாடே கலங்காதா?" என்று ஒரு கிழவர் பொரித்த மீனைச் சட்டியோடு முன்னால் வைத்தார். ஓர் அம்மாள் கொக்கோக் கஞ்சி கொண்டுவந்தாள். துயாலா தன் கையாலேயே வாழைப்பழப் பணியாரம் எடுத்து ஊட்டினார்.

"வேண்டாம் ஐயா, பசியில்லை."

"அப்போ விஷயம் பெரிசுதான்," என்றார் துயாலா. "இன்னும் ரெண்டு எடுங்கப்பா."

தலைவர் ஊட்டும்போது வாயை மூடிக்கொள்ள முடியுமா? வில்லியாமு கண்ணீர் விட்டபடியே மென்றான். கண்ணீரைப் பார்த்த பெண்கள் அடுத்த வேளைக்கு இன்னும் அதிகமாகச் சமைத்தார்கள்.

இயோபு மட்டும் வெறுங்கையோடு வந்து, தூணில் சாய்ந்து நின்றான்.

"உடம்புல ஒண்ணும் இல்லை. மனசுதான். குத்தம் பண்ணவனுக்குத்தான் சோறு இறங்காது."

"இறங்குதுடா!" என்று கத்தினான் வில்லியாமு, வாய் நிறையப் பணியாரத்தோடு. "பாரு, எப்படி இறங்குதுன்னு!"

இந்தச் சமயத்தில் எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கொப்பரைத் தராசு அந்த வாரம் நூற்று முப்பத்தாறு காட்டியது.

*

பயணத்துக்கு முந்தின நாள் வில்லியாமு தன் மீன்வலையை எடுத்து, அதன் அடியில் கோத்திருந்த ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். அடுத்த வலையிலும் வெட்டினான். மச்சான் வலையையும் விடவில்லை.

மாதர் சங்கம் போதகருக்கு ஒரு புது வெள்ளைக் கோட்டு தைத்திருந்தது. அதன் உள்துணியைப் பிரித்து, குண்டுகளை வரிசையாக வைத்துத் தைக்கும்படி லாங்கியிடம் கொடுத்தான்.

"ஐயா விமானத்துல போறாரா, கடலுக்கு அடியில போறாரா?" என்று கேட்டாள் லாங்கி.

"நூத்தி நாப்பத்திரண்டு வேண்டாம். நூறைத் தாண்டினா போதும். ஊர் மானம் தப்பிக்கும். போதகர் தராசை விட்டு இறங்கினதும் எல்லாரும் கையசைக்க வெளியே ஓடிருவாங்க. அப்போ நான் சத்தம் போடாம ஏறி இறங்கிடுவேன்."

"ஏங்க..." லாங்கி ஊசியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"தையலைத் தவிர எதுவும் சொல்லாதே. நேரம் இல்ல."

லாங்கி தைத்தாள்.

மறுநாள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்ட போதகர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"கனமா இருக்கேப்பா வில்லியாமு!"

"ஜனங்களோட அன்பு ஐயா."

"தோளை அமுக்குதே!"

"ரொம்ப அன்பு ஐயா."

விமானத் தளத்துக்கு இரண்டு பஸ் நிறைய ஜனங்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். ஃபாலேபுனா ஊர்க்காரர்களும் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். அவர்கள் யாரையும் வழியனுப்ப வரவில்லை. எங்கேயும் போகவும் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

போதகர் தராசில் ஏறினார். சிவப்பு நம்பர்கள் ஓடின.

"நூத்திப் பதினொண்ணு!" என்று மெலே பாடினாள்.

வைலோலோ ஜனங்கள் கைதட்டினார்கள். நூற்று நாற்பத்திரண்டு இல்லைதான். ஆனாலும் தலை குனிய வேண்டிய எண் இல்லை. துயாலா தலையை ஆட்டினார். வில்லியாமுவுக்கு மூச்சு வந்தது.

அப்போதே போதகர் இறங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு ஜனங்களைப் பார்த்ததும் மனசு நெகிழ்ந்துவிட்டது.

"பயணத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம்," என்றார். தராசின் மேலேயே நின்றபடி இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். தையல் விட்டது.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே..."

டொக்.

"நூத்திப் பத்து," என்றாள் மெலே. நம்பர் மாறினால் படிப்பது அவள் பழக்கம்.

"இந்த ஜனங்களின் அன்புக்காக..."

டொக். டொக்.

"நூத்தி ஏழு."

கண்ணைத் திறக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஜெபத்தின் நடுவில் கண் திறந்தவனுக்கு ஊர்த் தலைவர்கள் அபராதம் போடுவார்கள். அதனால் இரண்டு பஸ் ஜனமும் இமையை இறுக்கி மூடிக்கொண்டு, தங்கள் போதகர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தது.

"நூத்தி மூணு... நூறு... தொண்ணூத்தெட்டு..."

வில்லியாமுவும் கண்ணை மூடித்தான் இருந்தான். அவன் வேறொரு ஜெபம் செய்துகொண்டிருந்தான். அது சின்ன ஜெபம்: ஐயா நிறுத்த வேண்டும்.

"ஆமென்," என்றார் போதகர்.

"தொண்ணூத்திரண்டு," என்றாள் மெலே.

கண்கள் திறந்தன. சிமென்டுத் தரை முழுக்க ஈயக்குண்டுகள் உருண்டு கிடந்தன. இயோபு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"பச்சை பெயின்ட். இந்த ஊர்ல வலைக்குண்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறது ஒரே ஆள்தான்."

ஆனால் போதகர் குண்டுகளைப் பார்க்கவில்லை. பலகையை மனைவிக்குக் காட்டித் துள்ளிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்திரண்டா! அம்மா, பாத்தியா? டாக்டர் தொண்ணூத்தஞ்சுக்கு வந்தா போதும்னுதான் சொன்னாரு! சர்க்கரைக்காக இத்தனை மாசம் மீனும் பப்பாளிக்காயுமா கிடந்தது வீண் போகலை. விருந்துச் சாப்பாட்டைக் கையாலகூடத் தொடலையே நான்!"

சொல்லிவிட்டு, இறகு மாதிரி இறங்கி, விமானத்தைப் பார்க்கப் போய்விட்டார். போதகரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார்.

ஃபாலேபுனாக்காரர்கள் கடலை தின்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

துயாலா தடியை ஊன்றி எழுந்தார்.

"போதகர் எங்க சாப்பாட்டைத் தொடலை. அப்போ நாங்க அனுப்பின பன்னித் தொடையெல்லாம் எங்கே போச்சு?"

"ஒரே நிமிஷம்," என்றான் இயோபு. "அண்ணனும் பிரயாணிதானே. ஏறச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. வில்லியாமு ஏறினான். தராசு முனகியது.

"நூத்தி முப்பத்தேழு!" மெலேயின் குரல் ஓடுபாதையின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று.

ஃபாலேபுனாக்காரர்களில் ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: "இவருதானே உங்க போதகர்?"

"பாத்தீங்களா பெரியவரே?" என்றான் இயோபு. "நான் வாயால சொன்னப்போ பொறாமைன்னீங்க. இப்போ சிவப்பு எழுத்துல எரியுது, படிச்சுக்குங்க."

"வில்லியாமு," என்றார் துயாலா. "குண்டு வச்சுத் தச்சது நீயா?"

"நான்தான் ஐயா. ஊர் மானத்துக்காக."

"அதை விடு. சாப்பாட்டுக்குப் பதில் சொல்லு."

வில்லியாமு தராசின் மேலேயே நிமிர்ந்து நின்றான். இத்தனை நாள் பயந்து பயந்து, கடைசியில் பயப்பட எதுவும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது. தான் குற்றம் செய்யாதவன் என்பது மட்டும் அவனுக்கு மலை மாதிரி உறுதியாகத் தெரிந்தது. வலது கையை உயர்த்தினான்.

லாங்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏங்க, வேண்டாங்க! சத்தியம் மட்டும் பண்ணாதீங்க!"

"நீ தள்ளிப் போ லாங்கி. மடியில கனம் இல்லாதவன் நான்."

"சொல்றதைக் கேளுங்க..." அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்ததில் அவன் அசையவே இல்லை; பலகையில் மட்டும் நம்பர் ஒன்று ஏறி இறங்கியது.

"கர்த்தர் சாட்சி!" என்று முழங்கினான் வில்லியாமு. "போதகர் வீட்டுக்குப் போன சாப்பாட்டுல ஒரு துணுக்காவது என் வீட்டு வாசலை மிதிச்சிருந்தா, பட்டம் எனக்கு வேண்டாம்! இந்த இயோபுவே எடுத்துக்கட்டும்! இந்த உடம்பு என் பெண்டாட்டி கைச் சாப்பாட்டுல வளந்த உடம்பு!"

கூட்டம் சிலிர்த்துப் போயிற்று. சத்தியத்தை விளையாட்டாகச் செய்கிற ஊர் இல்லை அது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இயோபு கையிலிருந்த ஈயக்குண்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டான்.

துயாலா நடந்து வந்து வில்லியாமுவின் தோளில் கை வைத்தார்.

"போதும்ப்பா. இப்படிச் சத்தியம் பண்ண எனக்கே தைரியம் வராது. உன்னைச் சந்தேகப்பட்டது எங்க தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க, பட்டம்..."

அப்போதுதான் கணவரை விமானத்தில் ஏற்றிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு போதகரம்மா உள்ளே வந்தார். வில்லியாமு போட்ட முழக்கம் ஓடுபாதை வரைக்கும் அவர் காதில் விழுந்திருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக லாங்கியிடம் போய், அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"ஏண்டி லாங்கி, அப்போ ஞாயித்துக்கிழமை தவறாம உங்க வீட்டுக்கு நான் மூடி அனுப்பின அத்தனை கூடையையும் நீ ஒருத்தியாவா சாப்பிட்டே?"